ஈறுக்கு அடியில் போட்ட துண்டு

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில், பஸ் நிற்பதற்கு முன்பே கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடிக்கிறவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் பல் டாக்டருக்குப் படித்தவர் ஒருத்தர்தான். தான் ஏறாத பஸ்ஸுக்கு இடம் பிடித்தவரும் அவர் ஒருத்தர்தான்.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. நான் சின்னசேலம் போய் ரயில் பிடிக்க வேண்டும். கூட்டத்தில் முழங்கை கொடுத்து ஏறி, ஜன்னலோரம் உட்காரக் குனிகிறேன், எனக்குக் கீழே வந்து விழுந்தது ஒரு வெள்ளைத் துண்டு. வெளியே எட்டிப் பார்த்தால், கண்ணாடி மூக்கில் வழிந்து நிற்க, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஆள் வருதுங்க" என்றார்.

"எங்க வருது?"

அவர் கை காட்டினார். தூரத்தில் பெட்டிக்கடை ஓரமாக ஒரு பெரியம்மா, இரண்டு முட்டியையும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். வந்துகொண்டிருந்தார் என்பதைவிட, வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார் என்றால் சரியாக இருக்கும்.

"உங்க அம்மாவா?"

"யாருன்னே தெர்லீங்க. அவங்க வந்து சேர்றதுக்குள்ள எடம் போயிடும். அதான் போட்டன்."

பெரியம்மா வந்தார், துண்டின் மேலேயே உட்கார்ந்தார், பஸ் கிளம்பிவிட்டது. டாக்டர் தன் துண்டுக்காகக் கொஞ்ச தூரம் கூடவே ஓடினார். பெரியம்மா அவர் வழியனுப்புகிறார் என்று நினைத்துக் கை ஆட்டினார். நான் சின்னசேலம் வரை நின்றுகொண்டே போனேன்.

இப்படி அவர் துண்டுகள் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் போய்ச் சேர்ந்தபடியால், எங்கள் கடைக்கு அவர் நல்ல வாடிக்கை. கடைவீதியில் என் அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் அத்தாவுக்கு, ஜவுளிக்கடை. டாக்டர் டஜன் கணக்கில் துண்டு வாங்குவார். கரை போட்ட துண்டை மட்டும் தொடமாட்டார். "கரை இருந்தா எந்தக் கட்சின்னு கேப்பாங்க பாய். அப்பறம் எடம் குடுக்க மாட்டாங்க" என்பார். அத்தா அவருக்காகவே கரையில்லாத வெள்ளைத் துண்டு வரவழைத்து வைத்திருந்தார். பல் டாக்டருக்கு எதற்கு இவ்வளவு துண்டு என்று அத்தா யோசித்து யோசித்து, பல் பிடுங்கும்போது அவ்வளவு ரத்தம் வரும்போலிருக்கிறது என்று முடிவு செய்து, சாகும்வரை அவரிடம் பல்லைக் காட்டவே இல்லை.

அவர் பெயரைச் சொல்லமாட்டேன். நான் மைக் பிடித்துப் பிழைத்தவன். வாடகைக் காரின் தலையில் இரண்டு குழாயைக் கட்டிக்கொண்டு, ஆடித் தள்ளுபடி, புதுப்படம், சர்க்கஸ், கண் சிகிச்சை முகாம், காணாமல்போன கறவை மாடு என்று ஊரெல்லாம் கத்திக்கொண்டு போவேன். காலையில் ஒரு கட்சிக் கூட்டத்துக்குக் கூப்பிடுவேன், மாலையில் அந்தக் கூட்டத்தைக் கண்டித்து நடக்கிற கூட்டத்துக்கும் நானே கூப்பிடுவேன். குரல் ஒன்றுதான், உணர்ச்சி வேறு. டாக்டர் என்னிடம் வாங்கிய ஒரே சத்தியம், தன் பெயரை எங்கேயும் சொல்லக் கூடாது என்பது. டாக்டர்கள் விளம்பரம் செய்தால் மேலே இருந்து ஓலை வருமாம். மைக்கில் சொல்லாததைக் காகிதத்தில் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

அவருடைய ஆஸ்பத்திரி என்பது சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் ஐந்து பேர் உட்காரும் பெஞ்சு ஒன்று. அதில் இரண்டு இடத்தில் எப்போதும் துண்டு விரித்திருக்கும். அது மலைக்காரர்களுக்கு. ஒருநாள் தாடை வீங்கிய கமிஷன் மண்டிக்காரர் ஒருவர் நின்றுகொண்டே சண்டைக்குப் போனார். நான் அப்போது அங்கே பல் சுத்தம் செய்ய வந்து உட்கார்ந்திருந்தேன்.

"ஆளே இல்லாத எடத்துக்கு எதுக்கு டாக்டரே துண்டு?"

"கல்வராயன் மலைல இருந்து வர்ற பஸ்ஸு பத்தரைக்கு மேலதாங்க வரும். அவங்க விடிகாலைல கெளம்பனாலும் நீங்க காபி குடிச்சிட்டு வர்ற நேரத்துக்கு வர முடியாது."

"வந்து நிக்கட்டுமே."

"நிப்பாங்க. அவங்க நின்னுக்கினே இருப்பாங்க, நீங்க உக்காந்துக்கினே இருப்பீங்க. ரெண்டு மணிக்குத் திரும்புற பஸ்ஸு வந்துடும். வலிக்கிற பல்லோடவே மலையேறிப் போயிடுவாங்க."

"எனக்குந்தான் பல்லு வலிக்குது."

"வலிக்கிற பல்லு உக்காந்தாலும் வலிக்கும்ங்க. நில்லுங்க."

மண்டிக்காரர் கேட்கவில்லை. துண்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். டாக்டர் துண்டை எடுத்து உதறி, அவர் மடியின்மேல் விரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். பத்தே முக்காலுக்குக் கரியாலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் கன்னத்தைப் பிடித்தபடி வந்தார். "துண்டு போட்ட எடம் உங்களுதுதாம்மா, ஒக்காருங்க" என்றது உள்ளேயிருந்து குரல். அந்த அம்மாவும் வெகுளியாகத் திரும்பி உட்காரப் போனார். மண்டிக்காரர் எழுந்த வேகத்தில் அவர் செருப்பு ஒன்று எங்கள் பக்கம் வந்துவிட்டது.

சாப்பாட்டுப் பந்தியிலும் இதே கதைதான். மூங்கில்துறைப்பட்டில் ஒரு சர்க்கரை ஆலைத் தொழிலாளி வீட்டுக் கல்யாணம். ஷிஃப்ட் முடிந்து மூன்று பேர் வருகிறார்கள் என்று தெரிந்ததும் டாக்டர் மூன்று இலையில் துண்டு போட்டுவிட்டு நான்காவதில் உட்கார்ந்தார். பரிமாறுகிறவர்கள் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு எல்லா இலையிலும் சோறு, குழம்பு, அப்பளம் என்று வைத்துக்கொண்டே போனார்கள். வர வேண்டியவர்கள் வரவில்லை. எறிந்தால் பாவம் என்று டாக்டர் நான்கு இலையும் சாப்பிட்டார். அன்று அவரைப் பஸ்ஸில் ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அவருக்கு இடம் பிடிக்கத்தான் யாரும் இல்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். அவருடைய அப்பா கரும்பு விவசாயி. ஆலை வாசலில் வண்டிகள் வரிசையில் நிற்குமாம்.

"எங்கப்பாரு மாட்டு வண்டில கரும்பு கொண்டாருவாரு. பின்னால வர்ற டிராக்டரு பூந்து பூந்து முன்னாடி போயிடும். நான் முன்னாடியே ஓடிப்போயி வரிசைல துண்ட விரிச்சி, அது மேலயே படுத்துக்குவேன்."

"டிராக்டரு நிக்குமா?"

"ஒண்ணு நிக்கல. துண்டு மேலயே ஏறிப் போச்சி. நான் முன்னாடியே எழுந்துட்டன்."

இப்போது என் பல்லுக்கு வருகிறேன். மேல்வரிசையில் முன்பல், இடது பக்கம். முதலில் லேசாக ஆடியது. பிறகு காற்று வழிய ஆரம்பித்தது. வீட்டில் பேசினால் தெரியாது. மைக்கில் "சிறப்புத் தள்ளுபடி" என்று சொன்னால் குழாயிலிருந்து விசில் கிளம்பும். முதலில் மைக் செட்டுக்காரரைத் திட்டினேன். அவர் வயரை மாற்றினார், குழாயை மாற்றினார், கடைசியில் என்னை உற்றுப் பார்த்தார். ஒவ்வொரு கடையாகச் சின்னசேலத்துக்கார அறிவிப்பாளனைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் குரல் தகரத்தைத் தரையில் இழுத்தது மாதிரி இருக்கும், ஆனால் பல் முப்பத்திரண்டும் கெட்டி. எனக்கு இரண்டு பெண் குழந்தைகள், கையில் வேறு தொழில் கிடையாது. சிரித்துக்கொண்டு சொல்கிறேனே தவிர, அப்போது சிரிக்கவில்லை, நேராகச் சைக்கிள் கடை மாடிக்கு ஏறினேன்.

டாக்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது.

"பாய், பல்லு நல்லாத்தான் இருக்குது. அத புடிச்சிக்கினு இருக்கிற எலும்பு ஒரு பக்கம் கரைஞ்சி போச்சி. பெரிய பள்ளம்."

"புடுங்கணுமா?"

"புடுங்கிட்டு வேற பல்லு கட்டலாம். கட்டன பல்லுல உங்க குரலு எப்படி வரும்னு என்னால சொல்ல முடியாது. இன்னொண்ணு பண்ணலாம்."

அந்த இன்னொன்றை அவர் விளக்கிய விதம்தான் அவர். நாற்காலியில் என்னைச் சாய்த்து வைத்துவிட்டு, வெள்ளைக்கோட்டோடு அறைக்குள் பஸ்ஸாகவும், பஸ்ஸில் ஏறுகிறவராகவும் மாறி மாறி ஓடிக் காட்டினார்.

"ஈறு இருக்குதே, அது காலேஜ் பசங்க மாதிரி. பஸ்ஸு நிக்கறதுக்கு முன்னாடி தாவி ஏறிடும். நான் பள்ளத்த சுத்தம் பண்ணி அப்படியே தெச்சி வுட்டன்னு வைங்க, ஈறுத் தோலு சரசரன்னு பல்லோரமா உள்ள எறங்கி எல்லா எடத்தையும் புடிச்சிக்கும். புண்ணு ஆறிடும். பாக்க அழகா இருக்கும். ஆனா பல்லு ஆடிக்கினேதான் இருக்கும். பல்லக் கெட்டியா புடிக்கிறது எலும்பும், எலும்புக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கிற நாரும். அதுங்க ரெண்டும் முட்டிவலிக்கார பெரியம்மா. வரும். ஆனா மெதுவாத்தான் வரும். வந்து பாத்தா எடம் இருக்காது."

"அதனால?"

"ஈறுக்கு அடியில துண்டு போடணும்."

அலமாரியிலிருந்து வெள்ளி நிறப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். உள்ளே நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெங்காயத் தோல் போல மெல்லிசாக நான்கு வெள்ளைத் தாள்கள். சென்னையில் அவருக்குப் பாடம் எடுத்தவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. சோதனைச் சாலையில் திரவம் வடிகட்டுகிற சவ்வாம். நீர் போகும், ஈறு போகாது. அதைப் பள்ளத்தின்மேல் கூரைபோல வைத்து, மேலே ஈறை இழுத்து மூடித் தைத்துவிட்டால், ஈறு வெளியிலேயே நிற்கும். உள்ளே காலியிடம் பெரியம்மாவுக்காகக் காத்திருக்கும்.

"எத்தினி பேருக்குப் பண்ணியிருக்கீங்க டாக்டரே?"

"பாத்திருக்கன் பாய், பாத்திருக்கன்" என்றார். நான் அந்தப் பதிலைச் சரியாகக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் எழுந்து ஓடியிருப்பேன்.

ஒரு மணி நேரம் ஆனது. வலி இல்லை, சத்தம்தான் இருந்தது. மண்டைக்குள் யாரோ சட்டி சுரண்டுவது மாதிரி ஒரு சத்தம். முடித்ததும் உத்தரவுகள் போட்டார். அந்தப் பக்கம் பிரஷ் படக்கூடாது, கடிக்கக்கூடாது, நாக்கால் தடவிப் பார்க்கக் கூடாது. இரண்டு வாரம் பேச்சைக் குறைக்க வேண்டும். என் மனைவி அந்த இரண்டு வாரத்தைப் பற்றி இன்றும் நல்லவிதமாகத்தான் பேசுகிறாள்.

கடைசி உத்தரவுதான் முக்கியம். "ஆறாவது வாரம் திரும்ப வந்துடணும் பாய். இது தானா கரையாது. ஆள் வந்து உக்காந்தப்பறம் துண்ட எடுத்துடணும். அங்கியே வுட்டா சீழ் புடிச்சி, வந்த எலும்பையும் கெடுத்துடும். பல்லும் போயிடும்."

ஆறாவது வாரம் ரோடு இல்லை.

அவை இட ஒதுக்கீட்டுப் போராட்ட வருடங்கள். எங்கள் தென்னாற்காடு மாவட்டத்தில் அந்த வாரம் சாலைக்குச் சாலை மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, கடைவீதியில் கதவு பாதிதான் திறந்தது. பல ஊர்களில் உயிரும் போயிற்று. அதைப் பற்றி விளையாட்டாகப் பேச எனக்கு மனசு வராது. நான் சொல்வது அந்தப் பெரிய கதையின் ஓரத்தில் நடந்த என் ஒற்றைப் பல்லின் கதை.

டாக்டர் மாதம் ஒருமுறை கரியாலூருக்குப் போய், பள்ளிக்கூடத்தில் மேசை போட்டுப் பல் பார்ப்பார். அப்படிப் போனவர் மேலேயே மாட்டிக்கொண்டார். இங்கே கண்ணாடியில் பார்த்தால் என் ஈறு சிவந்து, அதன் ஓரத்தில் வெள்ளைத் தாளின் முனை எட்டிப் பார்த்தது. வாயில் ஒரு மாதிரி கெட்ட ருசி. ஊரில் இருந்த இன்னொரு பல் டாக்டரிடம் காட்டினேன். விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இது இன்னான்னே எனக்குத் தெரியல பாய். நான் கை வைக்க மாட்டன். வெச்சவரே எடுக்கட்டும்" என்று விளக்கை அணைத்துவிட்டார்.

காலையில் சைக்கிளை எடுத்தேன். கச்சிராயபாளையம் வழியாக மலையடிவாரம் வரை போய்விட்டால், அங்கிருந்து நடந்தாவது ஏறிவிடலாம் என்பது திட்டம். வழியெல்லாம் புளியமரம் குறுக்கே கிடந்தது. ஒவ்வொரு மரத்திலும் சைக்கிளைத் தோளில் தூக்கி, கிளைக்குள் நுழைந்து, சட்டையைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் இறங்க வேண்டும். ஐந்தாவது மரத்தில் இருபது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக அடுப்பு மூட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. பேட்டரியில் ஓடுகிற மைக் செட் ஒன்றும் இருந்தது, அதில் பேசத்தான் ஆள் இல்லை.

"மைக்கு பாய் வந்துட்டாரு" என்றார் மீசைக்காரர் ஒருவர். அந்தக் கூட்டத்துக்கு அவர்தான் பெரியவர் போலத் தெரிந்தது. "வாங்க பாய். கரெக்டான நேரத்துக்கு வந்தீங்க. நம்ம கோரிக்கைய நாலு வார்த்த கணீர்னு சொல்லுங்க."

நான் வாயைக் காட்டிக் கையை ஆட்டினேன்.

"எல்லாக் கட்சிக்கும் பேசறீங்க, எங்களுக்குப் பேச மாட்டீங்களா?" என்றான் ஒரு இளைஞன். குரலில் சூடு ஏறியிருந்தது.

வேறு வழியில்லாமல் மேல் உதட்டைத் தூக்கிக் காட்டினேன். கிட்டே வந்து பார்த்தவன் இரண்டடி பின்னால் போனான். "அண்ணே, வாய்க்குள்ள இன்னாவோ பேப்பர் வெச்சிருக்காரு" என்றான். பேப்பர் என்றதும் சிலர் எழுந்துவிட்டார்கள். எவனோ எனக்கு ரகசியத் தகவல் கொடுத்து அனுப்பியிருப்பதாக நினைத்திருக்க வேண்டும். மீசைக்காரர் பேப்பரை வெளியே எடுக்கச் சொன்னார். யாராவது கையை விட்டு இழுத்தால் ஆறு வாரக் காவல் அதோடு முடிந்தது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன், சந்தேகம் இன்னும் ஜாஸ்தி ஆனது.

அப்போது மரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து இலைகளை விலக்கிக்கொண்டு டாக்டரின் கண்ணாடி தெரிந்தது. பேண்ட்டை முட்டி வரை மடித்து, தோளில் தோல்பையும் வெள்ளைத் துண்டுமாக இருந்தார். கூட மலைக்காரர் ஒருவர், கரியாலூரையும் தாண்டி உள்ளே இருக்கிற ஊர்க்காரர், குறுக்குப் பாதை காட்ட வந்தவர்.

"பாய், நேத்தே கெளம்பிட்டன்" என்றார். "இன்னிக்கு ஆறாவது வாரம்."

முப்பது கிலோமீட்டருக்குக் கம்மி இருக்காது. மலையிலிருந்து நடந்து வந்திருக்கிறார், என் வாய்க்குள் இருக்கும் நகம் அளவுத் தாளை எடுப்பதற்காக. பாதத்தில் கொப்புளம். எனக்கு அழுகை வந்தது, ஆனால் இளைஞன் குறுக்கே வந்துவிட்டான்.

"இன்னா துண்டு இது, கரையே காணோம்?"

"கரையில்லாத துண்டுங்க."

"எந்தக் கட்சி?"

"பல்லு" என்றார் டாக்டர்.

மேற்கொண்டு அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மரத்தின்மேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தார், தோளிலிருந்த துண்டை எடுத்து நடுவில் எறிந்தார். துண்டு விழுந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் தன்னால் நகர்ந்து வழிவிட்டார்கள். மாநில அரசு சொல்லியும் நகராதவர்கள். பிறந்ததிலிருந்து பஸ்ஸில் போய் வந்த உடம்பு, துண்டைக் கண்டதும் அதுவாகவே ஒதுங்கிவிட்டது.

அந்த இடத்தில் என்னை உட்கார வைத்தார். கருவிகளைக் கொதிக்க வைக்கச் சோற்றுப் பானையைக் கேட்டார். சமையல்காரர் சண்டைக்கு வந்ததால் டீப் பாத்திரம் கிடைத்தது. கொதித்து முடிகிறவரை எல்லாரும் காத்திருந்தோம், டீ இல்லை என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய கண்ணாடியை மீசைக்காரரே பிடித்து, வெயிலை என் வாய்க்குள் திருப்பிவிட்டார். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, மரத்துப்போகிற வரைக்கும் சும்மா இருக்க முடியாமல் காலேஜ் பசங்க, பெரியம்மா, பஸ் என்று மொத்தக் கதையையும் மறுபடி நடித்துக் காட்டினார்.

மீசைக்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டார். "நாங்க கேக்கறதும் இதானே டாக்டரே? முன்னாடி ஏறனவங்களே உக்காந்துக்கினு இருக்காங்க. எங்க புள்ளைங்க வர்றதுக்குள்ள எடம் ரொம்பிப் போவுது. கொஞ்சம் எடம் ஒதுக்கி வைன்னுதான் சொல்றம்."

"கண்ணாடிய நேரா புடிங்க, வெளிச்சம் மூக்குல அடிக்குது" என்றார் டாக்டர்.

வழிகாட்டி வந்த மலைக்காரர் மரத்தடியில் குந்தியிருந்தார். அவர் மெதுவாகச் சொன்னார், "நீங்கன்னா பஸ்ஸுல எடம் கேக்கறீங்க. எங்க ஊருக்கு பஸ்ஸே இன்னும் வரலீங்க."

மீசைக்காரர் நகர்ந்து, "நீ மேல வந்து ஒக்காருய்யா" என்றார். என் வாயை நடுவில் திறந்து வைத்துக்கொண்டு இவ்வளவும் நடந்தது. நான் பேச முடியாமல் கலந்துகொண்ட ஒரே அரசியல் கூட்டம் அதுதான்.

டாக்டர் தையலைப் பிரித்தார். ஈறை லேசாகத் தூக்கினார். இடுக்கியால் தாளைப் பிடித்து, கோழி முட்டையிலிருந்து உள்தோலை உரிப்பது மாதிரி உரித்தார். தாள் வெளியே வந்தது, நாற்றத்தோடு வந்தது. உள்ளே பார்த்தார். அதன்பிறகு அவர் அசையவில்லை. கையும் நின்றது, வாயும் நின்றது. அவர் வாய் நின்று நான் பார்த்ததே இல்லை. எல்லாம் போய்விட்டது, பல் போயிற்று, குரல் போயிற்று, இனி ஜவுளிக்கடையில் உட்கார்ந்து கரை போட்ட துண்டைக் கிழிக்க வேண்டியதுதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

"பாய், ஒண்ணு சொல்லணும்" என்றார். "இத மத்தவங்க பண்ணித்தான் நான் பாத்திருக்கன். என் கையால பண்ணது இதான் மொத தடவ."

எனக்குத் தெரிந்த வசவு எல்லாம் தொண்டைக்கு வந்தது. நான் நான்கு தாலுகாவிலும் குரல் கொடுத்தவன், எனக்குத் தெரிந்த வசவு கொஞ்சமல்ல. ஆனால் வாயில் இரண்டு கருவியும் ஒரு விரலும் இருந்ததால், "ஆ" என்று மட்டும்தான் வந்தது.

"வந்திருக்குதுங்க" என்றார் டாக்டர். "செவப்பா, ரப்பர் கணக்கா, பள்ளத்துல பாதிக்கு மேல ரொம்பியிருக்குது. வந்து உக்காந்திருக்குது பாய்."

மரத்திலிருந்து எல்லாரும் இறங்கினார்கள். ஒவ்வொருவராக வந்து என் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள். எதையோ பெரிதாக எதிர்பார்த்து வந்தவர்கள், "ஒண்ணும் தெரியலியே" என்று போனார்கள். என்மேல் சந்தேகப்பட்ட அந்த இளைஞன் மட்டும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "இது எலும்பா ஆவ எவ்ளோ நாளாவும்?" என்று கேட்டான்.

"ஒரு வருசம் ஆவும். அது வரைக்கும் யாரும் நோண்டக் கூடாது" என்று டாக்டர் தைக்க ஆரம்பித்தார்.

ஒரு வருடம் கழித்து, அந்தப் பல்லை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பல் ஆடவில்லை, என் தலை ஆடியது. அவர் சந்தோஷத்தில் இன்னும் வேகமாக ஆட்டினார். நான் அன்று மாலையே ஒரு பாத்திரக்கடைக்கு "சிறப்புச் சலுகை" என்று விசில் இல்லாமல் கத்தினேன். சின்னசேலத்துக்காரன் சின்னசேலத்துக்குத் திரும்பிப் போனான்.

மீதி மூன்று தாளையும் டாக்டர் மலைக்காரர்களுக்கே வைத்தார். இரண்டு பிடித்தது. ஒன்று பிடிக்கவில்லை. அந்தப் பல்லை எடுத்த அன்று மத்தியானம் அவர் சாப்பிடாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பிறகு அவர் சேலத்துப் பக்கம் மாறிப் போனார். கொஞ்ச வருடம் கடிதம் வந்தது, அப்புறம் வரவில்லை. அவர் காலமான செய்தி எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். போகாமல் விட்டுவிட்டோமே என்று இன்றும் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

அந்த ஒரு பல்லை நான் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். மற்ற முப்பத்தொன்றையும் அப்படிப் பார்க்க எனக்கு நேரமில்லை. புகையிலை வேறு போட்டேன். ஒவ்வொன்றாகக் கழன்று, எழுபதை நெருங்குகிறபோது வேர்க்கட்டைகள் இரண்டும் அந்த முன்பல்லும்தான் மிச்சம். போன மாதம் கட்டைகளை எடுக்க எங்கள் தெருப் பல் டாக்டரிடம் போனேன். சின்னப் பெண், என் பேத்தி வயசு. எடுத்து முடித்து, பஞ்சை வைத்து வாயை அடைத்துவிட்டு, எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"எல்லா எடத்துலயும் எலும்பு எறங்கிப் போச்சிங்க ஐயா. இந்த ஒரு பல்லச் சுத்தி மட்டும் எப்படி இவ்ளோ நிக்குது?" என்றாள். "இதையும் எடுத்துட்டா பல்செட்டு நல்லா உக்காரும்."

நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன்.

"சரிங்க, சரிங்க, இது இருக்கட்டும்." அவள் பல்லைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அது அசையவில்லை. மறுபடி எக்ஸ்ரேயைப் பார்த்தாள். "இதுக்கு யாரோ ரொம்ப மெனக்கெட்டு இருக்காங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

எனக்குக் கண்ணீர் கொட்டியது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வலியில் அழுகிறேன் என்று நினைத்து அந்தப் பெண் பதறிப்போய் இன்னொரு ஊசியை நிரப்பினாள். வாயில் பஞ்சு இருந்தது, வலியில்லை என்று சொல்ல முடியவில்லை. போட்டுக்கொண்டேன்.